ஒரே ஒரு காலேஜ்

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பிடித்த கல்லூரிகளை வரிசையாகப் பதிய வேண்டும். ரூபாவின் ரேங்குக்குத் திருப்பதி அரசுக் கல்லூரியே கிடைக்கும். ஆனால் சிட்டிபாபு பதிந்து கொடுத்த தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவன் கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற தனியார் கல்லூரி.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த அக்கா யசோதா, தாளை அப்பா முன்னால் வீசினாள். பத்தாவதோடு நின்றவள், கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுபவள்.

"இன்னா நைனா இது?"

அப்பா தலையைச் சொறிந்தார். "வூட்டுக்கே வந்து எழுதிக் குடுத்தாம்மா. துட்டுகூட வாங்கல. பாப்பாவுக்கு பேகு வேற குடுத்தான்."

"ஒரு பேகுக்கா அவ நாலு வருசத்தக் குடுத்துட்ட?"

மாற்ற அன்று சாயங்காலம் ஐந்து வரை நேரமிருந்தது. மாற்றுவதற்கான ரகசிய எண்ணோ சிட்டிபாபுவின் போனுக்குத்தான் வரும். பதியும்போது தன் நம்பரையே கொடுத்திருந்தான். யசோதா அவனைப் போனில் கூப்பிட்டு அந்த எண்ணைக் கேட்டாள்.

"நீ இன்னாம்மா படிச்சிருக்க? பத்தாவதா? உனுக்கு இதெல்லாம் புரியாது. எங்க காலேஜுல பஸ்ஸு வூட்டாண்டயே வரும்," என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அந்தச் சிரிப்பு திருப்பதி வரைக்கும், ரூபாவோடு ஏறிய இரண்டு பஸ்ஸிலும், அவள் காதிலேயே இருந்தது.

அரசு உதவி மையத்தில் மணி நாலு. "போன் நம்பர மாத்தணும்னா அந்தப் பொண்ணே கேக்கணும்," என்றார் அதிகாரி. ரூபா அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள். "வாணாங்க்கா, அந்தக் காலேஜுக்கே போறேன்."

யசோதா அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "வாயத் தொறடி! இப்டி சும்மா நின்னுக்கினு இருந்துதான் நான் பத்தாவதோட நின்னேன்."

ரூபா அழுதுகொண்டே ஹால் டிக்கெட்டை நீட்டினாள். "நம்பர மாத்தணும் சார்."

யசோதாவின் நம்பர் பதிவானது. அதிகாரி கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். "நான் தொட மாட்டேன். நீங்களே ஒண்ணொண்ணா போடுங்க. தப்பானா சொல்றேன்."

முதலில் திருப்பதி. அதற்குக் கீழே இன்னும் பதினொன்று. சிட்டிபாபுவின் கல்லூரியை ரூபாவே அழித்தாள்.

வெளியே வருவதற்குள் அவனே கூப்பிட்டான். "ஏம்மா, நம்பர் மாறிட்ச்சின்னு மெசேஜ் வந்துக்குது. யார் பண்ணது?"

"பத்தாவது படிச்சவதான். பேகு வூட்லயே கீது, வந்து எடுத்துக்கினு போ," என்றாள் யசோதா. இந்த முறை அவளே முதலில் வைத்தாள்.