முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு

மாவுக்கட்டுப் போட்ட வலது கையை எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜைமேல் நீட்டி வைத்துக்கொண்டுதான் ஹஸ்னியா காபி குடிக்க உட்காருவாள். இடது கையால் சின்னக் கோப்பையைத் தூக்குவாள். சர்க்கரைக் கட்டியைப் பார்ப்பாள். அப்புறம் மருமகளைப் பார்ப்பாள்.

"சர்க்கரையத் தோய்ச்சு வாயில போட்டுக்க இன்னொரு கை வேணும்ல. எனக்கு ஏது? நான் கசப்பாவே குடிச்சுக்கறேன்."

அசேமினா கட்டியை எடுத்து, ஒரு ஓரத்தைக் காபியில் நனைத்து, மாமியாரின் வாயருகே நீட்டுவாள். ஹஸ்னியா வாங்கிக்கொள்வாள். மென்றபடியே, "பரவாயில்ல, இதுக்காவது கை ஒழுங்கா வேலை செய்யுதே" என்பாள்.

எதிரே உட்கார்ந்திருக்கும் ருஸ்மிர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போடுவான். அம்மாவுக்கு ஒரே பிள்ளை, அசேமினாவுக்குப் புருஷன். அம்மாவின் கையை உண்மையில் உடைத்தது யார் என்று அந்த மேஜையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

வினை காரில் ஆரம்பித்தது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் உடம்பு, சிவப்பு நிறம், அகலமான கறுப்பு அலாய் சக்கரங்கள். ட்ராவ்னிக் ஊரில் அப்படி ஒரு கார் அவனிடம் மட்டும்தான் இருந்தது. பழைய கார்தான், ஜெர்மனியில் யாரோ ஓட்டித் தள்ளியதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரைக் காபிக்கடை வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்தி இறங்கும்போது ருஸ்மிருக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிடும். மற்ற நாளெல்லாம் அவன் மரச்சாமான் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போகிறவன். காரை எடுத்துக்கொண்டு தினமும் விளாஷிச் மலைமேல் ஏறுகிறவள் அசேமினா. பனிச்சறுக்கு ஆட்கள் தங்கும் ஓட்டலில் அவள் பல வருஷம் காய் நறுக்கி, மாவு பிசைந்து, சூப் கிண்டி, இந்தக் குளிர்காலத்துக்குத்தான் சமையற்கூடம் முழுசாக அவள் கைக்கு வந்திருந்தது. அந்த வளைவு வளைவான மலைரோட்டில் பனியில் ஏறி இறங்கப் போவது தான் இல்லை, அவள் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் ருஸ்மிர் நவம்பர் மாதம் டயர்க்கடைக்குப் போனான். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டயர்க்கடை ஃபிக்ரெத் அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். பனிக்கால டயர் மாட்டச் சட்டம் சொன்ன தேதிக்கு முதல் நாள்தான் ஊர் மொத்தமும் அவன் கடை வாசலில் வரிசை கட்டும்.

"இந்தா, இரும்பு ரிம்மோட நாலு பனிக்கால டயர் இருக்கு" என்றான் ஃபிக்ரெத். "சின்ன அளவுதான். ஆனா மலை ஏறி இறங்கற வண்டிக்கு இதுதான்டா சரி."

ருஸ்மிர் பார்த்தான். ஒல்லி டயர். துருப்பிடிக்கக் காத்திருக்கும் இரும்பு ரிம்.

"கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளைக்கு ரப்பர் செருப்பு மாட்டிவிடச் சொல்றியா?"

"மாப்பிள்ளை வழுக்கி விழாம வீடு வந்து சேர்ந்தாப் போதும்டா."

"என் அலாய் ரிம்முக்கு என்ன வச்சிருக்க, அதச் சொல்லு."

"அந்த அகலத்துல ஆல் சீசன் நாலு இருக்கு. வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும், சுமாரான பனிக்கும் ஆகும். எல்லாத்துக்கும் ஆகும்னா எதுக்கும் முழுசா ஆகாதுன்னு அர்த்தம். பனிக்கால டயர் அந்த அகலத்துல ரெண்டே ரெண்டுதான் கையில இருக்கு. மத்த ரெண்டு வரட்டும், பொறுத்துக்கோ."

ருஸ்மிருக்கு எங்கே பொறுக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே நின்றது.

"அப்ப அந்த ரெண்டையும் முன்னால மாட்டு. பின்னால ஆல் சீசன் ரெண்டு."

ஃபிக்ரெத் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தான். "கலக்காதடா. நாலும் அது, இல்லன்னா நாலும் இது. முன்னால பிடிச்சு பின்னால பிடிக்கலன்னா வால் சுத்திடும்."

"இழுக்கறது முன்சக்கரம்தானே? இழுக்கற சக்கரம் பிடிச்சா வண்டி போகும். ஊருல பாதிப்பேரு இப்படித்தான ஓட்டறான்?"

"ஓட்டறான். அதனாலதான் பக்கத்துல டிங்கர் கடைக்காரன் வீடு கட்டிட்டான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஊரில் அது பரம்பரை ஞானம். அப்பன்மார்கள் சின்னக் கார் வாங்கிய காலத்திலிருந்து நல்ல டயர் இரண்டு கிடைத்தால் முன்னால் போடுவதுதான் வழக்கம். மேடு ஏறினால் போதும், கார் ஏறிவிட்டது என்று எல்லோரும் கை தட்டுவார்கள். ஏறினதை இறக்கவும் வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. போலீசுக்கும் கவலையில்லை. நாலு டயரிலும் பக்கவாட்டில், பனிக்கு ஆகும் என்று காட்டும் பனிப்பூ முத்திரை இருந்தது.

அன்று சாயங்காலம் அசேமினா கேட்டாள்: "நாலும் பனிக்கால டயர்தானே?"

"நாலும்தான்" என்றான். வாய் கூசவே இல்லை.

முதல் பெரிய பனி விழுந்து இரண்டு நாள் கழித்து அது நடந்தது. மலைமேல் இருக்கும் தன் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மருமகள் வேலை முடிந்து வரும் காரிலேயே ஹஸ்னியா ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு டப்பா நிறையப் பாலாடைக்கட்டி. இறக்கத்தில், பாறையை ஒட்டிய வளைவில், அசேமினா பிரேக்கை லேசாகத்தான் தொட்டாள். முன்பக்கம் நின்றது. பின்பக்கம் நிற்கவில்லை. கார் தட்டாமாலை சுற்றி, வலது பக்கம் பாறையில் போய் அடித்தது. ஹஸ்னியாவின் மணிக்கட்டு உடைந்தது. பாறை இந்தப் பக்கம் இருந்ததால் கையோடு போயிற்று. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு.

ருஸ்மிர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, வராந்தாவில் பாலாடைக்கட்டி டப்பாவை அணைத்துக்கொண்டு அசேமினா நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் உடைந்து போனாள்.

"உன் கார நாசம் பண்ணிட்டேன் ருஸ்மிர். அத்தை கைய ஒடச்சிட்டேன். என்ன ஆச்சுன்னே தெரியல. எனக்கு ஓட்டத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் திறந்தான். "விடு, பரவாயில்ல. யாருக்கும் நடக்கறதுதான்" என்று பெரிய மனசு பண்ணினான். அவளும் நன்றியோடு அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். தன் குற்றத்துக்கு அவளை மன்னித்துவிட்டு நிற்கிறோமே என்று அவனுக்கு அப்போதே உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எரிந்து என்ன, வாய் மட்டும் மறுபடி திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாயிற்று. அசேமினா தன் கையால் மாமியாருக்குத் தலை சீவிவிட்டாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், குளிப்பாட்டினாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஹஸ்னியா, "மருமக கொண்டாந்து பாறையில சாத்திட்டா. அல்லாதான் காப்பாத்தினான்" என்று புதிதாகச் சொல்வதுபோலவே சொன்னாள். அசேமினா மலைக்குப் போகவில்லை. ஓட்டல்காரர் பொறுமையாகத்தான் இருந்தார், ஆனால் கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்குள் ஒரு முடிவு சொல்லச் சொன்னார்.

ருஸ்மிர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பிராயச்சித்தம் தேடினான். டிங்கர் கடையிலிருந்து கார் வந்ததும் நேராக ஃபிக்ரெத்திடம் ஓட்டிக்கொண்டு போய், வந்து சேர்ந்திருந்த மற்ற இரண்டு பனிக்கால டயரையும் பின்னால் மாட்டச் சொன்னான். ஃபிக்ரெத் கிண்டல் பண்ணுவான் என்று எதிர்பார்த்தான். அவன் பண்ணவில்லை. கழற்றிய டயர்களைச் சுவரோரம் உருட்டிவிட்டு, "வீட்டுல சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"சொல்லணும்."

"ஆமா, சொல்லணும்" என்றான் ஃபிக்ரெத்.

வீட்டுக்கு வந்து, சொல்வதற்குப் பதிலாக, "வா, கொஞ்சம் ஓட்டிப் பாரு. பயம் போயிடும்" என்று அசேமினாவைக் கூட்டிக்கொண்டு போனான். பந்து மைதானத்துக்குப் பின்னால் பனி மூடிய வெற்றிடம். அவள் தயங்கித் தயங்கி ஓட்டினாள். வளைத்தாள். அவன் சொன்னதால் பிரேக்கை அழுத்தினாள். கார் நேராக நின்றது. இன்னும் வேகமாகப் போய் இன்னும் பலமாக அழுத்தினாள். நூல் பிடித்த மாதிரி நின்றது. ருஸ்மிருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா? எவ்வளவு சமத்தா நிக்குது!"

அசேமினா இன்ஜினை நிறுத்தினாள். கை ஸ்டீயரிங்கின் மேலேயே இருந்தது.

"ஆமா" என்றாள். "வண்டி நல்லாத்தான் இருக்கு. டயரும் நல்லாத்தான் இருக்கு. அப்ப தப்பு என் கையிலதான். இது நாள் வரைக்கும் மனசுல ஒரு ஓரமா, வண்டியில ஏதாவது இருந்திருக்குமோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நல்லதாப் போச்சு, தெரிஞ்சுபோச்சு."

ருஸ்மிர் செய்த தப்பைத் துடைக்கப் போய் அவள் தலையில் அதை ஆணி அடித்து இறக்கிவிட்டான்.

திரும்பும்போது அவனை ஓட்டச் சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"ஓட்டல்ல சொல்லிடறேன். வேற ஆளப் பாத்துக்கட்டும். கீழ பேக்கரியில ஆள் கேட்டிருக்காங்க, நடந்தே போயிடலாம்."

"புத்தி வந்துச்சே" என்றாள் ஹஸ்னியா. "எல்லாரும் எல்லாத்தையும் ஓட்டிட முடியுமா?"

அசேமினா எண்ணைத் தேட ஆரம்பித்தாள். ருஸ்மிர் கையை நீட்டிப் போனை மூடினான்.

"அன்னிக்குப் பின்னால ரெண்டும் பனிக்கால டயர் இல்ல" என்றான்.

அவனே மேலே சொன்னான். ஃபிக்ரெத் கலக்காதே என்றது, இரும்பு ரிம் பிடிக்காமல் போனது, ஞாயிற்றுக்கிழமை, நாலும்தான் என்று பொய் சொன்னது, இன்று மத்தியானம் ரகசியமாக மாற்றியது, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு ரிம்மின் அழகுக்காக.

முதலில் வாயைத் திறந்தது ஹஸ்னியாதான். "பொய் சொல்றான். பொண்டாட்டியக் காப்பாத்தறதுக்குப் பழியத் தன் தலையில போட்டுக்கறான். அவங்க அப்பா புத்தி அப்படியே!"

"அம்மா, சும்மா இரு. உன் கைய ஒடச்சது நான்."

ஹஸ்னியா கட்டுப்போட்ட கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அசேமினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், கோப்பையைத் தூக்கி அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"நான் பிரேக்க லேசாத்தான் தொட்டேன்" என்றாள் கடைசியில்.

"லேசாத்தான் தொட்டிருப்ப."

"அப்ப நான் சரியாத்தான் ஓட்டினேனா?"

"சரியாத்தான் ஓட்டின."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னான். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தேவிட்டது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அப்புறம் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"தினம் ராத்திரி கண்ண மூடினா அந்த வளைவுதான். எங்க தப்பு பண்ணினேன், எங்க தப்பு பண்ணினேன்னு திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துக்கிட்டே இருப்பேன். நீ பக்கத்துலதான படுத்திருந்த? நான் தூங்கலன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போர்வையத்தான் இழுத்து விட்ட."

அவள் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்து ஓட்டலுக்குப் பேசினாள். நாளையிலிருந்து வருவதாகச் சொன்னாள், மாட்டிறைச்சி வந்து சேர்ந்ததா என்று கேட்டாள், குரல் தெளிவாக இருந்தது. பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவி."

கொடுத்தான். அவள் வாசலுக்கு நடக்க, அவனும் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

"நீ வராத" என்றாள். "அந்த வளைவு வரைக்கும் போய்ட்டு வரணும். தனியாப் போகணும்."

முற்றத்தில் பனி விழ ஆரம்பித்திருந்தது. சிவப்புக் கார் மெதுவாகத் தெருவில் இறங்கி, முக்கில் பிரேக் விளக்கு எரிந்து, நேராக நின்று, மலைப்பக்கம் திரும்பிப் போயிற்று. அது மறைந்த பிறகும் ருஸ்மிர் வெறுந்தலையோடு அங்கேயே நின்றான்.

அவனுக்குப் பின்னால் ஜன்னல் திறந்தது.

"தனியாவாடா போறா? பனி கொட்டுதே!"

"அவ நல்லா ஓட்டுவாம்மா" என்றான் ருஸ்மிர்.

ஹஸ்னியா ஜன்னலைச் சாத்தவில்லை. இத்தனை நாள் அவள் மருமகளிடம் பேசிய அதே குரல், முதல் தடவையாக மகனைப் பார்த்து வந்தது.

"இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளாச்சா? என்னையும் அவள ஏசவிட்டு, உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தியேடா."