பாதி உழுத தோப்பு

எங்கள் மாந்தோப்பில் புல் மண்டிக் கிடப்பதற்கு ஊரே கூடி ஒரு காரணம் கண்டுபிடித்தது: பாண்டிமீனா சோம்பேறி. என் காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும். உசிலம்பட்டிக்கு மேற்கே இந்தச் சரிவு நிலத்தில் பொழுதுக்கும் இடுப்பொடியப் பாடுபடுகிறவள் நான். எனக்கு எவர் நற்சான்றும் தேவையில்லை.

என் கணவர் கருப்புக்குத்தான் அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. எங்கள் இருவர் குடும்பமும் அடுத்தவர் காட்டில் களை எடுத்து வயிறு கழுவியவை. புல்லைக் கண்டால் எங்கள் கை தானாகக் கீழே போகும். அதனால்தான் முதன்முதலாகச் சொந்தமென்று வாங்கிய நிலத்தை வருசா வருசம் உழுது, ஒரு புல்பூண்டு இல்லாமல் துடைத்து வைத்தோம். ஐப்பசி மழை ஒவ்வொரு தடவையும் மேல்மண்ணை ஓடைக்கு இழுத்துப் போனது. மரங்களின் வேர் வெளியே தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இப்படியே போனால் மரம் நிற்க மண் இருக்காது. போன வருடம் உழவை நிறுத்தினேன். புல்லைப் பிடுங்காமல் அரிவாளால் அறுத்து மரத்தடியிலேயே பரப்பினேன்.

இந்தப் புரட்டாசியில், நான் மதுரை பரவை மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் கொண்டுபோன நேரம் பார்த்து, கருப்பு டிராக்டரைக் கூப்பிட்டுவிட்டார். நான் திரும்பி வந்தபோது பாதித் தோப்பு உழுதாகிவிட்டது. அதுவும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக. மீதிப் பாதியில் இறங்கப்போன டிராக்டருக்கு முன்னால் காலிச் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

டிராக்டர்காரன் ராஜபாண்டி கெஞ்சிப் பார்த்தான். நான் அசையவில்லை. கருப்பு ஓடி வந்தார்.

"ஊருக்குள்ள என்ன பேசுறாய்ங்க தெரியுமா? அடுத்தவன் காட்டுல களை எடுத்தவய்ங்க, சொந்தக் காட்டுல களை வளக்குறாய்ங்கன்னு."

எனக்கும் அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"பேசுறவன் காட்டு மண்ணெல்லாம் ஓடையில கெடக்கு. நம்ம மண்ணு நம்மகிட்டயே கெடக்கட்டும்" என்றேன்.

ராஜபாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து கருப்பு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் சமாதானத்துக்குப் போகவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. இருவரும் மோட்டார் அறை வாசலில் ஒதுங்கி நின்றோம். உழுத பாதியில் ஒவ்வொரு உழவுச் சாலும் வாய்க்காலாகி, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடையில் விழுந்தது. புல் இருந்த பாதியில் தண்ணீர் நிதானமாக, நிறம் மாறாமல் கசிந்து வந்தது. கருப்பு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் குத்திக்காட்டவில்லை. வாய் துறுதுறுவென்றுதான் இருந்தது.

மழை தூறலாகக் குறைந்ததும் அவர் மண்வெட்டியோடு இறங்கினார். புல்லுப் பக்கம் போய் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேரோடு பெயர்த்து வந்து, உழுத சால்களுக்குக் குறுக்கே வரிசையாக ஊன்றத் தொடங்கினார். நானும் சேலையை ஏத்திச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

ரோட்டில் ராஜபாண்டி பைக்கை நிறுத்தினான். அவனோடு இன்னும் சிலர் நின்றார்கள்.

"என்ன மச்சான், தூறல்லயே களை எடுக்க எறங்கிட்டீங்க? அக்கா ஒத்துக்கிருச்சா?"

கருப்பு நிமிர்ந்தார். கையில் இருந்த புல்லை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"எடுக்கல மாப்ள, நடுறேன். ஊருக்குள்ள போயிச் சொல்லு."