ஈரம் காயும் வரை

“மனுசங்களைப் படம் எடுக்கவே மாட்டீங்களா?” என்று பெண் பார்க்க வந்த அன்று ஜாய்சி கேட்டாள்.

“கேமராவைக் கண்டா மனுசன் பொய் சொல்லுதான். மிருகம் சொல்லாது,” என்றான் ரெக்சன்.

“அப்ப நம்ம கல்யாண ஆல்பத்துல கரடிதான் நிக்கும்.”

அன்று அவன் சிரித்த சிரிப்பை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

ரெக்சன் எடுத்த படத்தை ஜாய்சி பிரிண்ட் போட்டால், படத்தில் இருந்தது அவர்களுடைய பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்துவிடும். தாள் காய்ந்ததும் இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். கல்யாணமான மறுவருடம், 1991-இல், முக்கூடல் ஆற்று நீர்நாய் வந்து குளியலறை அண்டாவில் ஒரு பகல் கிடந்தது. கருப்பு வெள்ளை ஃபிலிம் என்பதால் எல்லாமே கருப்பு வெள்ளையாகவே வந்தன. பத்திரிகைகளில் பெயர் வர வர ரெக்சன் அசாம், லடாக் என்று போனான். லடாக் பனி அடுக்களையில் முழங்கால் அளவு கிடந்தபோது, பக்கத்து வீட்டு மாடக்கண்ணு மோர்ப்பானையைக் கொண்டுவந்து அதில் புதைத்து வைத்தாள். எல்லாம் வந்தது. ரெக்சன் மட்டும் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் வந்தான்.

1996 ஐப்பசியில், பாபநாசம் பஸ் டிரைவரிடம் ஒரு ஃபிலிம் சுருளைக் கொடுத்தனுப்பினான். மருந்துத் தட்டில் கிடந்த தாளில் முதலில் ஒரு காது தெரிந்தது. ஜாய்சி திரும்பிப் பார்ப்பதற்குள் கூடத்தை அடைத்துக்கொண்டு ஆண் யானை ஒன்று செத்துக் கிடந்தது. தந்தம் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். ரத்தம் கரிய நிறத்தில் அடுக்களை வரை ஓடியது. யானை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வாழைத்தாரோடு வந்த மாடக்கண்ணு, தாரை வாசலிலேயே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அடைமழையில் தாள் காய நான்கு நாள் ஆனது. அதுவரை ஜாய்சி யானையின் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். சுருளின் கடைசிப் படத்தை அவள் பிரிண்ட் போடவில்லை. நெகட்டிவில் மரங்களுக்கு இடையே துப்பாக்கியோடு மூன்று பேர், நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஐந்தாம் நாள் தெருமுனை தாஜ் முகம்மது கடைக்கு ரெக்சனின் போன் வந்தது.

“நாலு நாளா யானையைக் காணோம்னு வனத்துறை இங்கன தேடோ தேடுன்னு தேடிட்டு. காய வைக்க இவ்வளவு நாளா?” என்றான். துப்பாக்கிக்காரர்கள் மூன்று பேரின் முகமும் தெளிவாக விழுந்திருக்காதாம். அவர்களை எடுக்க நாளைக்கு மறுபடியும் மலைக்கு மேலே போகிறானாம்.

ஆறு வருடமாக ஜாய்சி கேட்காமல் விழுங்கியது வாய்க்கு வந்தது.

“நாளைக்குப் போகுறதுக்கு முன்னாடி கேமராவை ஒரு பாறையில வச்சு, உங்களை நீங்களே ஒரு படம் எடுத்து அனுப்புங்க. நான் பிரிண்ட் போட்டுக்கிடுதேன்.”