பதினேழாம் குழாய்

கடலில் விழுந்த கணவர் மூன்றாம் வருடம் குளிரறைக்காரியிடம் திரும்பி வரத் தொடங்கினார். முதலில் இடது கைச் சுண்டுவிரல் வந்தது.

அவர் ஆய்வுக் கப்பலில், கயிறு சுற்றும் வின்ச் இயந்திரத்தை ஓட்டியவர். ஆழ்கடல் தரையில் குழாயை இறக்கிச் சேற்றை மேலே கொண்டுவருவது வேலை. அன்று பதினேழாம் குழாய் மேலே வந்தது, அவர் கீழே போனார். உடல் கிடைக்கவில்லை. குழாய் மட்டும், சேற்றுக் குழாய்களைச் சேமிக்கும், அவர் மனைவி சாவி வைத்திருந்த குளிரறைக்கு வந்து சேர்ந்தது. வழக்கப்படி அதை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்குக் கொடுத்து, மறுபாதியைக் காற்றுப் புகாமல் மூடி அலமாரியில் வைத்தாள். மூடிய பாதியை யாரும் திறப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பதோடு சரி.

கரையோரச் சேறு என்றால் கறுத்து, அழுகிய முட்டை நாற்றமடித்து, கந்தகமும் இரும்பும் கூடிப் பொன்னிற மணிகள் விளைவது சர்வசாதாரணம். பதினேழாம் குழாயில் இருந்ததோ நடுக்கடலின் பழுப்புச் சேறு, மக்கிப்போக எதுவும் வந்து விழாத பட்டினிச் சேறு. பத்தாயிரம் வருடம் போனாலும் அதில் ஒன்றும் நடக்காது. அதில்தான் மூடியையும் மீறி நாற்றம் கிளம்பியது. எக்ஸ்ரேயில் அந்த மணிகளே கூடி விளைந்த விரல் தெரிந்தது, வின்ச் கயிறு எப்போதோ நசுக்கிய அதே கோணலோடு.

"அங்க கந்தகம் வேலை செய்யணும்னா யாராவது சாப்பாடு போட்டிருக்கணும்" என்றார் ஆய்வாளர், யாரிடம் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல். வெட்டிப் பார்த்துவிடலாம், ஆனால் காற்றுப் பட்டால் விரல் கொஞ்ச நாளில் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும் என்றும் சொன்னார்.

வெட்டட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். உடம்பைப் பார்க்காமல் என் பிள்ளை செத்தான் என்று சொல்லாதே என்று மாமியார் மூன்று வருடமாக அவளை அழவே விடவில்லை. அவளுக்கோ ஒரு மூச்சு அழுது தீர்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. படத்தைக் கொண்டுபோய் நீட்டினாள். மாமியார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"நகத்தைக் கடிக்கிற பழக்கம் இன்னும் போகல பாரு."

பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "போயிட்டான்தாம்மா. நீ அழு. ஆனா அந்தக் குழாயைத் தொறக்காதே. மெதுவா வரட்டும்."

இருவரும் அன்று சாயங்காலம்வரை அழுதார்கள்.

அடுத்த வருட எக்ஸ்ரேயில் உள்ளங்கையும் மணிக்கட்டும் வந்திருந்தன. வெட்டும் பேச்சை ஆய்வாளர் அதன்பின் எடுக்கவில்லை. தோள் வரும்போது இடம் போதாது என்று, அவரே வந்து பக்கத்துக் குழாய்கள் இரண்டை வேறு தட்டுக்கு மாற்றி வைத்தார்.