குழந்தைகளுக்கு இலவச கிட்டார்

இனியவனுக்குப் போடிநாயக்கனூரில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: மதுரைக்குப் போகிற ரயில். மற்றபடி இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவான். டீக்கடையில் காய் விலை, சலூனில் காய் விலை, எழவு வீட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்தாலும் காய் விலை. காய் என்றால் இங்கே ஏலக்காய்தான். மலையில் விளைவதைக் கீழே இறக்கி, சலித்து, தரம் பிரித்து, ஏலம் போட்டு விற்கிற சனத்துக்கு வேறென்ன தெரியும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பான். யாரிடம் சொல்வான்? மனைவி பவதாரணியிடம். அவளும் இந்த ஊர்க்காரிதான் என்பது அந்த நேரத்தில் மட்டும் அவனுக்கு மறந்துபோகும்.

சென்னையில் வருசக்கணக்காகக் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவன். மேடையில் பாடுகிறவர் மேல்தான் வெளிச்சம் விழும்; இவன் ட்ரம்ஸுக்குப் பின்னால் இருட்டில் நிற்பான். பிறகு கல்யாணங்களுக்கு டி.ஜே. வந்தது, கச்சேரி போனது. கொஞ்ச நாளைக்கு என்று மாமனார் வீட்டுக்கு வந்தான். அந்தக் கொஞ்ச நாள் இப்போது மூன்றாவது வருசமாக நடந்துகொண்டிருந்தது. மாமனார் முத்துப்பாண்டி ஏலக்காய் வியாபாரி. மருமகனுக்கு முகம் சுளிக்காமல் சோறு போட்டார். அதுதான் இனியவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறியிருப்பான்.

அவனுக்கு ஊரில் பெயரே கிடையாது. மருந்துக் கடைக்குப் போனாலும் ஏ.டி.எம். வாசலில் நின்றாலும் ‘முத்துப்பாண்டி மருமகன்’. முதுகுக்குப் பின்னால் ‘வீட்டோட மாப்ளே’. சித்திரை பிறந்ததும் கடையில் வந்து உட்காருங்கள் என்று மாமனார் பதமாகச் சொல்லியும் விட்டார். உட்கார்ந்தால் கதை முடிந்தது, சாகிற வரைக்கும் மருமகன்தான். அதற்குள் இந்த ஊர் தன் வாயால் அவனை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கிட்டார் வகுப்பு. குழந்தைகள் மேல் பிரியமா, இசை பரவ வேண்டும் என்கிற எண்ணமா என்றால், மண்ணாங்கட்டி. முதலில் காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தருவதாகத்தான் போர்டு வைத்தான். ஒரு ஈ காக்கை வரவில்லை. கடைசியில்தான் இலவசம் என்ற யோசனை வந்தது.

இடம் மாமனார் கொடுத்தார், கடைக்கு மேலே மாடி அறை. விளம்பரத்துக்கு பிளெக்ஸ் கடை சாதிக். இனியவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தைப் பார்த்துவிட்டு சாதிக் போன் செய்தார். ‘குழந்தைகளுக்கு இலவச கிட்டார்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி, ‘தொடக்க வகுப்பு’ என்று சின்னதாக அடுத்த வரி. சனம் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும் அண்ணே, ‘கட்டணம் இல்லை’ என்று கீழே போட்டுவிடட்டுமா என்று கேட்டார். எனக்கே தமிழ் சொல்லித் தருகிறாயா, அனுப்பியதை அப்படியே அடி என்று இனியவன் போனை வைத்தான். பிளெக்ஸ் அடிக்கிறவனெல்லாம் புலவராகிவிட்டான் என்று பவதாரணியிடம் சொல்லிச் சிரிக்கவும் சிரித்தான். பிளெக்ஸ் பஸ் ஸ்டாண்டில் ஒன்றும் மலைப்பக்கம் குரங்கணிக்குப் போகிற ஜீப்புகள் நிற்கிற இடத்தில் ஒன்றுமாக ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தவனுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. தெரு அடைத்துக்கொண்டு கூட்டம். குரங்கணியிலிருந்து ஜீப்பு ஜீப்பாக வந்து இறங்கியிருந்தார்கள். பக்கத்து ஊர் தேவாரத்திலிருந்து வந்த பஸ்சிலிருந்து ஒரு கும்பல் இறங்கி வெரசா வந்துகொண்டிருந்தது. இடுப்பில் பிள்ளை, கையில் பிள்ளை, சீவி முடித்துப் பவுடர் பூசிய பிள்ளைகள். கிணற்றுத் தவளைகள் என்று நினைத்தோமே, இத்தனை பேருக்கு இசை ஆர்வமா என்று இனியவன் பூரித்துப்போனான். சென்னையில் ஒரு மேடையிலும் கிடைக்காத சந்தோசம் அது. திறப்பு விழாவுக்கென்று எடுத்த வாடகை மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினான்.

வரிசையில் முதல் ஆளாக நின்றது முனீஸ்வரி என்கிற பெண். மலையில் காய் எடுக்கிற வேலைக்குப் போகிறவள். அன்றைய வேலையை விட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு முதல் ஜீப்பில் வந்திருந்தாள். இனியவன் பெரிய மனசோடு குனிந்து பையன் கன்னத்தைத் தட்டி, தம்பிக்கு முன்னமே கார்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டான். அவன் கேட்டது கிட்டாரில் சில கம்பிகளைச் சேர்த்து விரலால் அழுத்திப் பிடிக்கிற சுரக்கூட்டை; அதற்கும் கார்டு என்றுதான் பெயர்.

“தெரியாம என்ன, கொண்டாந்திருக்கோம்ல” என்று அவள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். ஆதார் ஜெராக்ஸும் புள்ளையின் போட்டோ ரெண்டும் பின்னாலேயே வந்தன. “கார்டுக்கு ஒரு கிட்டாருங்களா, புள்ளைக்கு ஒண்ணுங்களா? வீட்ல இன்னொண்ணு இருக்கு.”

அவள் தோளுக்கு மேலே பார்த்தான். வரிசை முழுக்கக் கைகளில் பச்சைக் கார்டும் பிளாஸ்டிக் கவரும். மிக்ஸி கொடுத்த நாட்டில், சைக்கிள் கொடுத்த நாட்டில், கிட்டார் கொடுக்கிறார்கள் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? பிளெக்ஸில் அப்படித்தானே எழுதியிருக்கிறது. தப்பு எழுதினவன்மேல்தான், வரிசையில் நின்றவர்கள்மேல் இம்மியும் இல்லை. ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது. அரை நிமிசத்துக்கு முன்னால் பூரித்துப்போனோமே என்கிற வெட்கம் அப்படியே கோபமாகத் திரும்பியது. மைக் கையில் இருந்தது வேறு வினையாகப் போனது.

“கிட்டாரும் கிடையாது, கித்தாரும் கிடையாது. ஓசின்னா பினாயிலக்கூட வாங்கிக் குடிக்கிற சனமய்யா நீங்க.”

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. முனீஸ்வரி கார்டைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“நாங்க இன்னிக்கு ஒரு நாள் ஓசிக்கு வந்தம் மாப்ளே. நீங்க வந்து மூணு வருசமாச்சு.”

சிரிப்பு முதலில் ஜீப்பு டிரைவர்களிடம் கிளம்பி, பிறகு தெரு முழுக்கப் பரவியது. இனியவனுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

கடைக்குள்ளிருந்து முத்துப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வரிசையில் நிற்கிற முகங்களில் பாதி அவருக்குக் காய் கொடுக்கிற வீடுகள். கோபித்துக்கொண்டு போனால் அடுத்த பருவத்துக் காய் எதிர்க்கடைக்குப் போகும். மருமகனின் மானத்தைவிட அதுதான் அவருக்கு முதலில் உறைத்திருக்கும். மைக்கை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கினார்.

“ஆத்தாமாரு, அப்புமாரு யாரும் மனசுல வச்சுக்கிறாதீக. மாஸ்டர் பட்டணத்துல இருந்தவரு, வெடுக்குன்னு பேசிப்புட்டாரு. மொதல்ல புள்ளைக படிக்கட்டும். படிச்சு முடிக்கட்டும். பெறகு பாப்போம்.”

அவனை முதன்முதலாக மாஸ்டர் என்று கூப்பிட்டது மாமனார்தான், அதுவும் மன்னிப்புக் கேட்கிற சாக்கில். ஆனால் வேலை செய்தது அந்தச் சொல் இல்லை, ‘பெறகு பாப்போம்’. கடைவீதியில் ஒரு வியாபாரி பெறகு பாப்போம் என்றால் எழுந்து போ என்று அர்த்தம். பேரம் பேசப் போனவன் மறு பேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பான். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு அது வேறு மாதிரி கேட்டது. படித்து முடித்தால் கிட்டார். டீயும் பன்னும் வந்து இறங்கின, கூட்டம் கலைந்தது. முத்துப்பாண்டி கொடுப்பேன் என்று சொல்லவே இல்லை; கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த வித்தையை அவருக்கு யாரும் இலவசமாகச் சொல்லித்தரவில்லை.

முனீஸ்வரி அதன் பிறகு வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. இனியவனிடம் இருந்தது ரெண்டே கிட்டார். ஒன்று அவன் கையில். இன்னொன்றில் ஒரு பிள்ளை வாசிக்க, மற்றதுகள் அடிஸ்கேலைக் கிட்டாராகப் பிடித்துக்கொண்டு விரல் வைத்துப் பழகின. படியெல்லாம் தாய்மார்கள் உட்கார்ந்து, பிள்ளை எப்போது படித்து முடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. டீக்கடையில் ‘மாஸ்டருக்கு ஒரு டீ’ என்றார்கள். ஜீப்பு ஒதுங்கி நின்று வழிவிட்டது. சித்திரை பிறந்து வைகாசியும் வந்தது, கடைப் பேச்சை மாமனார் எடுக்கவில்லை. பிள்ளைகளோடு காய் மூட்டையும் வந்து இறங்குகிறபோது அவர் ஏன் எடுக்கப்போகிறார்?

அவனுக்கு அந்தச் சனத்தின்மேல் நன்றியாவது வந்ததா? அதுவும் இல்லை. ராத்திரி சாப்பாட்டின்போது அந்தத் தாய்மார்களைப் போலப் பேசிக் காட்டுவான். கிட்டாருக்காகத் தவம் கிடக்குதுகள், கிட்டாருக்கு எத்தனை கம்பி என்று கேட்டால் தெரியாது என்பான். பவதாரணி ஒருநாள் குழம்பு ஊற்றுகிற கையை நிறுத்தினாள்.

“வகுப்பு முடிஞ்சு வந்து கேப்பாகளே, என்ன சொல்லுவீக?”

முடிந்தால்தானே கேட்பார்கள் என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் சொன்ன பிறகு அதுவே வழியாகப் பட்டது. தொடக்க வகுப்பு என்பது நாலு கார்டு. நாலையும் மாற்றி மாற்றிப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் பிள்ளை படித்து முடித்ததாக அர்த்தம். ரெண்டாவது கார்டோடு நிறுத்திவிட்டான். கட்டைவிரல் சரியில்லை, முழங்கால் சரியில்லை, உட்காருகிற விதம் சரியில்லை, மறுபடி முதலிலிருந்து. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மகராசன் ஆடத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கூடத்தைக் கோணலாக்கினான். விரல் நுனி காய்த்துப்போன குழந்தைகள் தங்கள்மேல்தான் குற்றம் என்று நம்பிக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தன. அதுகளைப் பார்த்து அவனுக்கு இளக்காரமாகக்கூட இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஷம்னா. பிளெக்ஸ் கடை சாதிக்கின் மகள், ஆறாவது படிக்கிறவள். முதல் வாரத்திலிருந்து ஒரு வகுப்பும் தவறவிட்டதில்லை. பிளெக்ஸ் கட்டுகிற ரீப்பர் கட்டையில் நைலான் நரம்பை இழுத்துக் கட்டி வீட்டில் பழகுகிறாள் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கும். ஆனி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முறை வந்தது. கிட்டாரை மடியில் வைத்தாள். முதல் கார்டிலிருந்து ரெண்டாவதற்கு விரலைப் பார்க்காமலே மாறினாள், ஒரு கம்பியும் இடறவில்லை. மாறுகிற இடத்தில் கை நிற்கவுமில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

இனியவனுக்குத் தெரிந்தது. வாசித்துப் பிழைத்தவனுக்குத் தெரியாமல் போகுமா? இத்தனை மாசத்தில் அந்த அறையில் முதல் தடவையாகக் கேட்ட இசை அதுதான். அவனுக்குச் சிலிர்த்தது. இப்போது சபாஷ் என்றால் அடுத்த கார்டைச் சொல்லித்தர வேண்டும். இவளுக்குச் சொல்லித்தந்தால் இன்னொரு பிள்ளையும் கேட்கும். ஆடி மாசம் முடிவதற்குள் நாலு கார்டும் வந்துவிடும். அப்புறம் படியிலிருக்கிற கூட்டம் எழுந்து வந்து கை நீட்டும். கிட்டார் இல்லை என்று தெரிந்த அன்றைக்கே மாஸ்டர் போய், மருமகன்தான் மிச்சம் இருப்பான்.

“தப்பு” என்றான். “விரல் சாயுது. முதல்ல இருந்து வா.”

ஷம்னா தன் விரலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். எழுந்து பக்கத்தில் வந்து, படியில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, காதோடு பேசினாள்.

“தப்பில்ல மாஸ்டர். கிட்டாரெல்லாம் குடுக்க மாட்டாகன்னு எனக்கு மொதல்லயே தெரியும். எங்க அத்தாதான பிளெக்ஸ் அடிச்சாக. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அடுத்தத மட்டும் சொல்லிக்குடுங்க.”

ஓசிக்கு வந்த கூட்டத்தில் ஒருத்தி இசைக்காகவே வந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, வாரா வாரம் அவன் சொன்ன பொய் அத்தனையும். தெரிந்தும் மாஸ்டர் என்றே கூப்பிட்டிருக்கிறாள். இந்த ஊரை எந்தக் கழுதை என்று ஏசினானோ, அந்தக் கழுதை தான்தான் என்று இனியவனுக்கு அந்தக் கணத்தில் பட்டது. ஒரு வார்த்தை போதும், மூணாவது கார்டின் பெயர். நாக்கு நுனிவரை வந்தது.

படியிலிருந்து ஒரு பெண், என்ன மாஸ்டர், இந்தப் புள்ளை முடிச்சிருச்சா என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“இல்லைங்க, இன்னும் ஒண்ணும் வரல” என்றான் இனியவன்.

ஷம்னா கிட்டாரைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். அது சரியாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தாய்மார்களுக்கு நடுவே இறங்கிப் போனாள்.

அடுத்த பிள்ளை ஓடிவந்து கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. முதுகை நிமிர்த்தி, விரலை அழுத்தி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சரியா மாஸ்டர் என்று அவன் முகத்தைப் பார்த்தது. சரியாகத்தான் பிடித்திருந்தது.

“தப்பு” என்றான்.