தாழ்ந்த குரலின் ஆட்சேபம்

அவள் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் கேட்காமல் போகிறது என்று குறித்துக்கொள்வாள்.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்தவர். "பிரேக்கு! பிரேக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் பாதி ஊர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது. தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அந்தக் குரல் போயேபோய்விட்டது. மிஞ்சியது மூச்சுக்காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு. அதற்காகவே காலி மைதானத்தைப் பார்த்தபடி இருந்த இந்தக் கடைசித் தெரு வீட்டுக்கு வந்தார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டால் அவர் கூடத்தில் பேசுவது சமையலறைவரை கேட்கும்.

ஒருநாள் காலையில் மைதானத்துக் கம்பிவேலியில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியது. எல்லோரும் போனில் அனுப்புவதைச் சேமித்துவைக்கும் கம்ப்யூட்டர்கள் நிறைந்த டேட்டா சென்டர் வரப்போகிறதாம். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் தெரிவிக்கலாமாம்.

பக்கத்து வீட்டு பிளம்பர் தெருவையே தன் மாடியில் கூட்டிவிட்டார்.

"மெஷின் சூடு ஆத்தவே இருக்கிற தண்ணியெல்லாம் அவங்களே உறிஞ்சிடுவாங்க. அப்புறம் நான் எந்தக் குழாயைப் போய் ரிப்பேர் பண்றது?" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, சத்தத்தைப் பத்தி நீங்கதான் பேசணும். காது உங்க டிபார்ட்மென்ட்."

அந்தச் சத்தத்தை ஒருதடவைகூடக் காதால் கேட்காமல் எப்படிப் பேசுவது என்றாள் அவள். அதனால் வேன் பிடித்து, இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு டேட்டா சென்டரைப் பார்க்கப் போனார்கள். கணவரும் வந்தார்.

ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம். நீளமான மதில். அதன் ஓரமாக மரங்கள், புல். மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நின்று கேட்டவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிளம்பரின் வாய் திறந்துகொண்டது. வெயில் இலைகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது. அவளுக்கும் கண் செருகியது.

கனவில் அவள் மதிலுக்குள் நடந்துகொண்டிருந்தாள். இருபுறமும் அலமாரிகள், சின்னச் சின்ன நீல விளக்குகள். ஒவ்வொரு அலமாரியிலும் துவைத்து மடித்த துணிபோல் யார் யாருடைய குரல்களோ அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தாள். "வர நேரமாகும், நீ சாப்பிட்டுடு" என்றது கணவரின் பழைய குரல், கணீரென்று. என்றோ அவர் போனில் பேசி அனுப்பியது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கண் விழித்தபோது கணவர் எதிரே மண்டியிட்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்கூட அவள் காதில் விழவில்லை. ஒரு முழத் தூரம்தான். மறுபடி சொன்னார். ரீங்காரம்தான் கேட்டது. கடைசியில் அவர் அவள் தோளைத் தொட்டு, வேனைக் காட்டினார். திரும்பும் வழியெல்லாம் அவள் அவர் கையை விடவே இல்லை.

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. "காது கிழியுதுன்னு ஒரே போடா போட்டுடுங்க அக்கா" என்று பிளம்பர் காதைக் கடித்தார்.

"சத்தம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

"நல்லாத்தான் இருந்துச்சு சார். எல்லாரும் தூங்கிட்டோம்."

மண்டபம் சிரித்தது. பிளம்பர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இவரோட பழைய குரல் அந்த மாதிரி ஒரு கட்டடத்துலதான் பத்திரமா இருக்கு. அதனால அது வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை," என்றாள் அவள். "ஆனா இப்ப இருக்கிற குரல் என் வீட்லதான் சார் இருக்கு. அந்தக் கட்டடத்துப் பக்கத்துல அது எனக்குக் கேக்கலை."

கணவர் எழுந்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. அதிகாரி முன்னால் குனிந்தார், காதில் கைவைத்தார். பிறகு ஏசியை நிறுத்தச் சொன்னார். மின்விசிறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. இருமிக்கொண்டிருந்தவர்கூட அடக்கிக்கொண்டார். மண்டபம் தண்ணீருக்கு அடியில் போனதுபோல் அமைதியானது.

"இப்பக் கேக்குது இல்ல சார்?" என்றார் கணவர். "அவ்ளோதான்." உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இந்த இடத்துக்கு அனுமதி இல்லை. திட்டம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நிலத்துக்கு மாறுகிறது. தன் தண்ணீர்க் கணக்குதான் ஜெயித்தது என்று பிளம்பர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு ஒரு போன் வந்தது. அக்கரையிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்.

"அக்கா, எங்க வீட்டுக்குப் பின்னாடி பலகை வெச்சிருக்காங்க. எனக்குக் கைக்குழந்தை. அது முனகினாகூட எந்திரிச்சிடுவேன். நீங்க போய்ப் பேசினீங்களாமே?"

தங்கள் வீட்டில் திரும்பி வந்த நிம்மதி யார் வீட்டு வாசலிலிருந்து எடுத்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்க வீடு ஆத்துப் பாலத்துலேர்ந்து எந்தப் பக்கம்மா?" என்று கேட்டு, குறித்துக்கொள்ளக் காகிதம் தேடினாள்.