திருச்சுழி ரோட்டில் பார்த்தது

…இப்போது நாயகன் சங்கிலியைச் சுழற்றுவான், முதல் ஆளின் தாடை திரும்பும், பற்கள் உப்பில் விழும், இருபத்துமூன்று தடவை பார்த்தாயிற்று, எந்த அடி எங்கே விழும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை மதியம், என் தையல் நூல் கடைக்கு லீவு, மனைவி சுபத்ரா காரியாபட்டியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், மின்விசிறி, ஒரு தட்டு காராச்சேவு, உப்பளத்துச் சண்டை, வாரம் முழுக்க இறுகிக் கிடக்கும் தோள் இந்த இடத்தில்தான் இளகும், எப்போதும் இளகும், இன்று ஏன் இளகவில்லை? பற்கள் விழுந்தன. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன். சத்தம்தான் தப்பு. தாடை உடையும்போது இப்படிக் கேட்காது. ஈரத்துணியைத் துவைகல்லில் அறைந்த மாதிரி கேட்கும், அதை நானே எழுதியிருக்கிறேன், நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள்.

நாற்பதாயிரம்… பதினான்கு வருடமாக வலைப்பூ எழுதுகிறேன், ஆரம்பத்தில் ஒரு சினிமா விமர்சனம் போட்டால் எழுபது பின்னூட்டம் வரும், துபாயிலிருந்து இனாயத்துல்லா என்று ஒருவர், சண்டைக்காட்சியை உங்களைப் போல எழுத ஆளில்லை மாதவன் என்பார், அதை மனப்பாடமாக வைத்திருந்தேன், அப்புறம் எல்லாரும் முகநூலுக்குப் போனார்கள், அங்கிருந்து வீடியோவுக்குப் போனார்கள், இனாயத்துல்லாவும் போய்விட்டார், ஒரு நாளைக்கு ஏழு பேர், பிறகு மூன்று பேர், அதில் ஒருவன் நானே. யாருக்காக எழுதுறீக என்று சுபத்ரா ஒருநாள் கேட்டாள், கிண்டலாகக் கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்கப்புறம்தான் போன மாதம், நாற்பதாயிரம் பேர் படித்த அந்தப் பதிவு.

திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன், முன்னால் போன லோடு ஆட்டோ ஒரு பைக்கை உரசிவிட்டது, அவ்வளவுதான், நாலு பேர் டிரைவரைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள், ஒருவன் ரோட்டோரம் வெட்டிப் போட்டிருந்த கருவேலங்கட்டையை எடுத்தான், முள்ளைக் கூடக் கழிக்காத கட்டை. முதல் அடி காதில், அடுத்தது தோளில், மூன்றாவது தாடையில், நாலாவது இடது கண்ணில். ஜன்னலோரம் நான். அவன் முட்டி போட்டுக் கும்பிட்டான், கால்சட்டை நனைந்து செம்மண்ணில் ஒழுகியது, அதற்குப் பிறகும் அடித்தார்கள், ஒருவன் செருப்புக் காலால் அவன் வாயை மிதித்துக்கொண்டு நின்றான்… பஸ்ஸில் நாற்பது பேராவது இருந்திருப்போம். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். அழுதுகொண்டே எழுதினேன் என்று சுபத்ராவிடம் சொன்னேன். அழுதேனா? கை வேகமாகப் போனது ஞாபகமிருக்கிறது. இத்தனை வருடத்தில் அப்படிப் போனதில்லை.

வியாழக்கிழமை கடைக்கு ஒரு பெண் வந்தாள். தங்கச்செல்வி, அடிபட்ட சதீஸ்குமாரின் அக்கா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தம்பிக்கு இடது கண் போய்விட்டது, தாடையில் கம்பி கட்டியிருக்கிறது, பேச முடியாது, குடித்துவிட்டு ஆட்டோவிலிருந்து விழுந்தான் என்று அந்த நாலு பேரும் சொல்கிறார்கள், பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்றாள். நான் நேரில் பார்க்கவில்லையம்மா, பலர் சொன்னதைக் கேட்டு எழுதினேன், கொஞ்சம் கற்பனை என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கேட்டு எழுதுனா அவன் ஒண்ணுக்குப் போனது எப்பிடிண்ணே எழுத வரும்? ஆஸ்பத்திரில துணி மாத்துனது நானு. எங்க அம்மாட்ட கூட நான் சொல்லல.”

 நூல்கட்டை அடுக்குகிற மாதிரி பாவனை செய்தேன்.

“அவன் மானத்த ஊருக்கே எழுதிட்டீக. இனி வந்து சொல்றதுல ஒங்களுக்கு என்ன போகுது? திங்கக்கிழம காலையில வாரேன்.”

வெள்ளிக்கிழமை இன்னொருவன் வந்தான், வெள்ளத்துரை என்று பேர் சொன்னான், பேரே தேவையில்லை, அந்தச் செருப்புக் காலை எனக்குத் தெரியும். மரியாதையாகத்தான் பேசினான், நல்லா எழுதுறீகண்ணே, அதை மட்டும் அழிச்சிருங்க என்றான், கத்தரிக்கோலை எடுத்துத் தொங்கிக்கொண்டிருந்த நூல்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே பேசினான், போகும்போது உங்க வீட்டு அக்கா காரியாபட்டிக்கு எந்த பஸ்ஸில் போவார்கள் என்று விசாரித்தான். அதை சுபத்ராவிடம் நான் சொல்லவில்லை. இன்று காலை அவளை பஸ் ஏற்றிவிடும்போதும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை… அவனைக் கீழே தள்ளி, அவன் வாயில் என் காலை வைத்து, பல் ஒவ்வொன்றாக நொறுங்குகிறவரைக்கும் அழுத்துவதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைக்கையில் தோள் இளகுகிறது, அதனாலா?

நாயகன் பன்னிரண்டாவது ஆளை உப்புக்குள் முகம் புதைய அமுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து லேப்டாப்பை எடுத்தேன். அழித்துவிடலாம், தங்கச்செல்வி வந்து நின்றால் எதைப் படித்துக் காட்டுவாள், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று ஆகிவிடும், சுபத்ரா நிம்மதியாகப் பஸ்ஸில் வருவாள். பதிவைத் திறந்தேன். அழிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை படித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ‘நாலாவது அடி அவனுடைய இடது கண்ணின் மேல் வந்து விழுந்தது’ என்று இருந்தது, எத்தனை சொற்கள், ‘அவனுடைய’ எதற்கு, ‘வந்து’ எதற்கு, ‘நாலாவது அடி கண்ணில் இறங்கியது’ என்றால் போதாதா… கும்பிட்டதைப் பிந்திச் சொன்னால் இன்னும் உறைக்குமே, முள்ளை அந்த இடத்தில் சொல்லாமல் கண்ணுக்கு அப்புறம் சொன்னால்… நிமிர்ந்தபோது டிவி திரை நீலமாக நின்றது, படம் எப்போது முடிந்ததென்று தெரியவில்லை, வாசலில் வெயில் இறங்கியிருந்தது. அழிக்கத்தானே உட்கார்ந்தேன்.  பதிவின் மேலே போய் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். முன்னைவிட நன்றாக வந்திருந்தது.